பாவா தின்ற நரம்பு நுனிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் காரியத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, இனியும் கேட்பதாக இல்லை.

யுத்த காலம். பட்டணத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். (திருத்தணியிலிருந்து காலேஜுக்குப் போன பெண் என்று தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரீடம் வேறு.) ஆட்டின் உதட்டுத் தோலில் நரம்புகள் எப்படிப் போய் முடிகின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் பாடம். வெட்டிய சூட்டோடு தோலைச் சீவி, எலுமிச்சைச் சாற்றில் சற்று ஊறவைத்து, தங்க உப்புக் கரைசலில் போட்டால் நரம்பு மட்டும் கறுத்துத் தெரியும்.

ஆடிக் கிருத்திகை லீவிலும் அந்தப் பித்து விடவில்லை. அக்காவின் கணவர், எங்களுக்குப் பாவா, மலைக்குக் காவடி எடுக்க விரதமிருந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வெங்காயம்கூட உள்ளே வரக்கூடாது. நான் கறிக்கடை பாயிடம் போய் உதடு கேட்டேன்.

“உதடா? அத வச்சிகினு இன்னாம்மா பண்ணுவ?”

“படிக்கப் போறேன்.”

“ஆங், படி படி,” என்று இலையில் சுற்றிக் கொடுத்தார்.

கொல்லையில் உட்கார்ந்து மெலிதாகச் சீவி, ஜாடியில் எலுமிச்சை பிழிந்து ஊறவைத்தேன். தங்கக் கரைசல் மாடியில், பெட்டிக்குள். சாவியைத் தேடிப் பெட்டியைத் திறந்து, அதை எடுத்துக்கொண்டு இறங்கியபோது பாவா மோர்சாதத்தில் இருந்தார்.

“நார்த்தங்காயா அத்தை? மெல்ல மெல்ல நல்லா இழுக்குது.”

“யாரோ கொல்லையில ஊற வச்சிருந்தாங்க மாப்ளே. உப்பு, காரம் எதுவும் இல்ல. நான்தான் போட்டேன்,” என்றாள் அம்மா.

அந்த இடத்தில் புத்தியுள்ளவள் வாயை மூடிக்கொண்டிருப்பாள். “உப்பு போட்டியா? என் நரம்பெல்லாம் போச்சே,” என்று கத்தினேன்.

“எது நரம்பு?” என்றார் பாவா, மென்றபடியே.

சொன்னேன். மென்ற வாய் அப்படியே நின்றது.

“விரதக்காரரு வாயில கறிய வச்சிட்டியேடி,” என்று அம்மா சுவரில் சாய்ந்தாள்.

“கறியில்லம்மா, தோலு. அதுவும் ரொம்ப மெலிசு. வச்சது நீ.”

பாவா கிணற்றடிக்கு ஓடினார். விரதம் போயிற்று. காவடி மூலையில் சாத்தியே கிடந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் எல்லோருமாகச் சேர்ந்து பாவாவின் காலில் என்னை விழச் சொன்னார்கள்.

“ஜாடிய தொட்டவங்க விழட்டும்,” என்றேன்.

பாவாதான் கேட்டார்: “ஆட்டுக்கு உதட்டுல எதுக்கு அவ்ளோ நரம்பு?”

“புல்லா முள்ளான்னு தொட்டவுடனே தெரிஞ்சிக்க.”

“அதுக்குத் தெரியுது. எனக்குத் தெரியலியே,” என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

மறு ஆடியில் இரண்டு காவடிகளோடு வந்து இறங்கினார். ஒன்றை என் தோளில் வைத்தார். “இது அந்த ஆட்டுக்கு. நீ தூக்கு.” மலையேறினேன். ஆட்டுக்கு நான் கடன்பட்டவள்தான், பாவாவுக்கு இல்லை.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது தப்பை ஒப்புக்கொள்ளாமல் முறைத்துக்கொண்டு நின்றால், “இன்னா, ஆட்டுக் காவடி எடுக்கிறியா?” என்று கேட்பார்கள். கூட்டத்தில் நான் இருந்தால், “ஆங், எடுப்போம்,” என்று பதில் சொல்வது நான்தான்.