குரலுக்கு மூலை வளைத்தவர்

நூலகத்திலிருந்து வந்த பதில் மூன்றே வரிதான். வாசிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் குரல் அளவுக்கு மீறி உரக்க இருப்பதால் ஒலிப்பதிவு உச்சத்தில் கிழிகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சரிசெய்து அனுப்பவும்.

அச்சகக்காரர் அதை மனைவியின் போனில் படித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

அப்போது அவர் சொன்னது வேறு. பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் வாசித்துப் பதிவுசெய்து தரும் வேலை அது. அதற்கு அவள் மாதிரிப் பதிவு செய்த அன்று, இவர்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, 'இன்னும் கொஞ்சம் சத்தமா' என்று ஐந்து நிமிடத்தில் நாலு தடவை கையைத் தூக்கினார். அதெல்லாம் இப்போது அவர் நினைவில் இல்லை. கணவன்மாரின் ஞாபகசக்தி பெரும்பாலும் இப்படி வசதியாகத்தான் அமைந்திருக்கிறது.

"மறுபடி படிச்சு அனுப்பட்டுமாங்க?"

"படிச்சாலும் இதே கதைதான். உன் தொண்டை அப்படி."

அவள் போனை வாங்கி அந்த மூன்று வரியை மறுபடி படித்தாள். இருபது வருடம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பிறர் நிரப்பிய படிவங்களைச் சரிபார்த்தவள் அவள். தனக்கென்று ஒரு விண்ணப்பத்தை நிரப்பியது இதுதான் முதல் தடவை. அது கைவிட்டுப் போனால் இன்னொன்றை நிரப்பமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் அவள் பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்கவேண்டும், அவ்வளவு மெல்லிய குரல். ஐந்தாறு வருடங்களாகத்தான் அது ஓங்கிக் கரகரத்துவிட்டது. மேல்மாடியில் குடியிருக்கும் தையல்காரர் ஒருமுறை சண்டையை விலக்கவே படியிறங்கி வந்தார். அன்று அவள், குழாயில் தண்ணீர் வருகிறது என்று கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வயது ஏற ஏறக் குரல் தடித்துவிடும் போலிருக்கிறது என்று அச்சகக்காரர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனாலும் அந்தப் பழைய குரலுக்காக அவர் உண்மையாகவே ஏங்கினார். அதைப்பற்றி அவளிடம் சொன்னதில்லை.

"நீ கவலைப்படாதே. ப்ரோகிராம் எழுதி நானே சரிபண்றேன்" என்றார்.

மகள் வெளியூர் வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற லேப்டாப்பில் இரண்டு மாதமாக அவர் ப்ரோகிராம் எழுதக் கற்று வந்தார். இதுவரை எழுதி முடித்தது, ஒன்றிலிருந்து நூறு வரை தானாக எண்ணும் ப்ரோகிராம் ஒன்றுதான். அது சில சமயம் நூற்றொன்று வரை போனது.

இணையத்தில் ஒரு வாத்தியார் பாடம் நடத்தினார். ஒரு நொடிச் சத்தம் என்பது கம்ப்யூட்டருக்கு நாற்பத்து நாலாயிரம் எண்கள். எல்லாமே மைனஸ் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் இடையிலான பின்னங்கள். சத்தம் அந்த எல்லையை முட்டினால் தலை மொட்டையாக வெட்டுப்பட்டு, காதுக்குக் கிழிந்த மாதிரி கேட்கும். வெட்டுவதற்குப் பதில் உச்சத்தை மெல்ல வளைத்து உள்ளேயே அடக்கினால் குரலுக்கு ஒரு வெதுவெதுப்பு வரும். இதற்குப் பெயர் சாச்சுரேஷன். பன்னிரண்டு வரியில் எழுதிவிடலாம்.

அச்சகக்காரருக்குச் சட்டென்று பிடிபட்டது. விசிட்டிங் கார்டின் நாலு மூலையும் கையைக் குத்தாமல் இருக்க அவர் தினமும் மெஷினில் வளைத்து விடுகிறாரே, அதே வேலைதான். இருபத்தாறு வருடமாக அச்சு மெஷின் பக்கத்திலேயே நின்றவருக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு? பாடத்தின் முடிவில் வாத்தியார் குரலைத் தாழ்த்தி ஏதோ எச்சரிக்கை சொன்னார். முக்கியமானதாக இருந்தால் உரக்கச் சொல்லியிருப்பார் என்று இவர் மூடிவிட்டார்.

புதன்கிழமை மாலை பன்னிரண்டு வரியும் தயாரானது. ஓடவிட்டார். சத்தமே இல்லை. ஸ்பீக்கரைப் பாதி திருகினார், முழுக்கத் திருகினார், பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்தார். மூச்சுப்பேச்சு இல்லை. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு குற்றவாளி அகப்பட்டான். ப்ரோகிராமில் முழு எண்ணை மட்டும் வாங்கும் டப்பாவில் பின்னங்களைக் கொட்டியிருந்தார். அரையும் கால்வாசியும் பூஜ்யமாகிவிட்டிருந்தன. மனைவியின் ஐந்து நிமிட வாசிப்பும் வரிசையாகப் பூஜ்யங்கள்.

ஒரே சொல்லை மாற்றிவிட்டு மறுபடி ஓடவிட்டார். திருகிவைத்த ஸ்பீக்கரைக் குறைக்க மறந்துவிட்டார்.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு இறங்கி வந்தார். ஒரு சட்டைக் காலரை நேராக வெட்டிக்கொண்டிருந்ததாகவும், அது இனிமேல் காலராக இருக்காது என்றும் சொன்னார். மனைவி அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தாள்.

வியாழக்கிழமை அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "நான் வேணா நூலகத்துக்கே நேர்ல போய்ப் படிச்சிட்டு வந்திடறேனே. அங்க ரூம் இருக்கு, மைக் இருக்கு."

"உன் குரல் அங்க போனா மட்டும் மாறிடுமா? எதுக்கு வீணா அலையணும்?"

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மீதியிருந்தது வளைவு. எவ்வளவு அழுத்தி வளைப்பது என்பதற்கு ஒரு எண் கொடுக்கவேண்டும். ஒன்றிலிருந்து மூன்றுக்குள் போதும் என்றிருந்தார் வாத்தியார். இரண்டு கொடுத்தார். எந்த மாற்றமும் தெரியவில்லை. நாலு கொடுத்தார். அதே மாதிரிதான் இருந்தது. வாத்தியார் பயந்த சுபாவக்காரர் என்று முடிவுகட்டி ஆறுக்குப் போனார். ஒன்பதில்தான் குரல் கணீரென்று நெஞ்சுக்குள் இறங்கியது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. அவருக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

இன்னொரு காதும் கேட்கட்டும் என்று தையல்காரரைக் கூப்பிட்டார். அவர் ஹெட்போனை மாட்டினார். பத்து நொடியில் கழற்றினார்.

"தகர டப்பாக்குள்ள யாரையோ பூட்டி வெச்ச மாதிரி இருக்குங்க."

"வெதுவெதுப்புன்னு இதுக்குப் பேரு."

"கொதிக்குதுங்க" என்றார் தையல்காரர்.

காலர் விவகாரம் இன்னும் அவர் மனதில் இருக்கிறது என்று அச்சகக்காரர் புரிந்துகொண்டார். வெள்ளிக்கிழமை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஒன்பதிலேயே வைத்து அனுப்பிவிட்டார். அனுப்புமுன் தானும் ஒருதரம் கேட்கலாமா என்றாள் மனைவி. நேரமில்லை என்று சொல்லிவிட்டார். போனது தன்னுடைய ப்ரோகிராம் அல்ல, அவளுடைய ஒரே விண்ணப்பம் என்பது அனுப்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை போன் வந்தது. மறுநாள் காலை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

"பாத்தியா?" என்றார். அவள் சிரித்தாள். அது என்ன சிரிப்பு என்று அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் பைக்கில் அவளைக் கொண்டுபோய் நூலக வாசலில் இறக்கிவிட்டார். வண்டி நிறுத்த இடம் தேடி இரண்டு தெரு சுற்றிவிட்டு, கையில் ஹெல்மெட்டும் சட்டைப்பையில் அந்தப் பன்னிரண்டு வரி இருந்த பென்டிரைவுமாக மூன்றாவது மாடி ஏறினார். ஒலிப்பதிவு அறையில் ஒரு பெண் மட்டும் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டைப் பார்த்ததும், "அந்தம்மாவக் கூட்டிட்டு வந்த பைக் டாக்சி டிரைவரா? உக்காருங்க, இப்ப முடிஞ்சிடும்" என்றாள். உண்மையை அப்புறம் நிதானமாகச் சொல்லி அசத்தலாம் என்று அவரும் உட்கார்ந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி வாசித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைவதே தெரியவில்லை. மானிட்டரில் பச்சைக்கோடு ஏறி இறங்கியது. ஆனால் சத்தம் வரவில்லை.

"ஸ்பீக்கர் ஆஃப்ல இருக்கேம்மா" என்றார்.

"இல்லையே, நல்லாத்தானே கேக்குது" என்ற அந்தப் பெண், சந்தேகத்தோடு ஒரு ஹெட்போனை நீட்டினாள். அவர் மாட்டிக்கொண்டு கைக்கெட்டிய திருகைக் கடைசிவரை திருகினார்.

அதே குரல்தான். தலையைச் சாய்த்துக் கேட்ட பழைய குரல், துளி கரகரப்பு இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அச்சகக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் எங்கேயும் போய்விடவில்லை என்று தோன்றியது. பன்னிரண்டே வரியில் இதைச் சாதித்தோமே என்ற பெருமையும் கூடவே வந்தது.

"சாச்சுரேஷன் எவ்வளவு வெச்சிருக்கீங்க? ஒன்பதா?"

அந்தப் பெண் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஒண்ணுமே வெக்கலங்க. அவங்க பேசறதே இப்படித்தான்."

"அப்போ வெள்ளிக்கிழமை வந்த சாம்பிள்?"

அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அவர் காதில் ஒன்றும் விழவில்லை. ஹெட்போனைக் கழற்றி அவள் பக்கம் குனிந்து, என்ன சொன்னாய் என்று கேட்டார். அவள் இரண்டாம் முறை சொன்னாள். அதுவும் விழவில்லை.

மூன்றாம் முறை அவள் குரலை நன்றாக உயர்த்தினாள். "அதையும் உங்ககிட்ட சொல்லிட்டாங்களா? ஃபைல் வழியில கெட்டுப்போச்சு போலன்னுதான் நேர்ல வரச்சொன்னோம். இவ்ளோ மெல்லிசா பேசறவங்க ஏம்மா அப்படிக் கத்திப் பதிவு பண்ணீங்கன்னு கேட்டா, அவங்க வீட்டுக்காரருக்கு அஞ்சாறு வருஷமா காது சரியா கேக்கறதில்லையாம், பாவம், அவருக்கே அது தெரியாதாம், தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாருன்னு இவங்கதான் சத்தமாப் பேசிப் பழகிட்டாங்களாம்."