முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு

மனசில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். யாராவது எனக்குக் கெடுதல் செய்தால் தேதி, கிழமை, அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டை, இந்த மூன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வேன். மற்றதை எல்லாம் அப்போதே மறந்துவிடுவேன்.

என் மச்சினன் தவசிமுத்து அன்றைக்குப் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. எண்பத்தொன்றாம் வருஷம், ஆவணி மாசம், வெள்ளிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கார் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறவன் அவன். ஒர்க்ஷாப்பை ஒட்டியே புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். சொந்தக்காரர்களை எல்லாம் வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தான். நான் அக்கா புருஷன். நடுவில் நிற்க வேண்டியவன். ஓரமாக நிறுத்திவிட்டான்.

போட்டோ வந்தது. நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். அவன் வீட்டு நாய் முழுசாக விழுந்திருந்தது. அதுவும் எங்கள் ஊர் ராஜபாளையத்தில் இருந்து நான் கொடுத்த நாய். என்னுடையது முழங்கை மட்டும் விழுந்திருந்தது.

அன்றைக்கே சபதம் எடுத்தேன். அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். அவனிடம் முதல் வார்த்தை பேச மாட்டேன். அவன் வீட்டுத் துரும்புகூட என் வீட்டுக்கு வரக்கூடாது. வருஷா வருஷம் அக்காவுக்குப் பொங்கப்படி கொடுத்துவிடுவான். அரிசி, வெல்லம், மஞ்சள்குலை, கரும்பு. வந்த பஸ்ஸிலேயே திருப்பி ஏற்றிவிடுவேன். பன்னிரண்டு பொங்கலுக்கும் ஒரு கணு குறையாமல் கரும்பு ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில், தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தை மாசக் கடைசியில் குழப்பம் வந்தது. கழிவுப் பஞ்சுக் கடையைச் சாத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். என் மனைவி ஜெயபாய் ரசத்தை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்னங்க, தம்பி மகளுக்கு ஞாயித்துக்கிழமை பூ வைக்காக. அத்தைக்காரிதான் முதல் பூ வைக்கணும்."

"வையி. ஆரு வேண்டாம்னா?"

"நீங்களும் வரணும். ஜோடியா நின்னுதான் வைக்கணும்."

"என் முழங்கையை வேணா கூட்டிட்டுப் போ. அவன் வீட்டுக்கு அம்புட்டு போதும்."

"இன்னும் அந்த முழங்கையை விடலையா நீங்க?"

"அது என்கூடவேதான ஏட்டி இருக்கு. எப்படி விட?"

நேராக மாட்டேன் என்று சொல்ல முடியாது. போன தடவை சொன்னதற்கு மூன்று நாள் சோற்றில் உப்பு இல்லை. நாலாவது நாள் உப்பு மட்டும் இருந்தது. ஆகவே தந்திரமாகத்தான் போக வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனால் தந்திரத்தில் பி.ஏ.

வாசலில் நின்ற என் பியட் காரைப் பார்த்தேன். அறுபத்தேழாம் வருஷத்து வண்டி. ஷாக் அப்சர்பர் நாலும் செத்துப் பல காலம் ஆயிற்று. அது ஓடுகிற வண்டி இல்லை, குதிக்கிற வண்டி. ரோட்டில் எலுமிச்சம்பழம் கிடந்தால்கூட அது இனிப்பா புளிப்பா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். முன் சீட்டில் எனக்குப் பக்கத்து இடத்தில் ஸ்பிரிங் வெளியே வந்து நிற்பதால் ஜெயபாய் எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவாள். கார்த்திகை மாசம் சோழபுரம் போனபோது அவள் தலை மூன்று தடவை கூரையில் இடித்தது. காதுக் கம்மல் தெறித்து என் சட்டைப் பையில் விழுந்தது. பாதி வழியில் இறங்கி பஸ் ஏறிவிட்டாள்.

அந்தக் கம்மல்தான் எனக்கு வழி காட்டியது.

"சரி ஜெயபாய். கார்லயே போவோம்."

"அந்தக் கார்லயா? என் எலும்பை மூட்டையாக் கட்டித்தான் இறக்கணும்."

"ஷாக் அப்சர்பர் நாலும் புதுசு மாத்திருதேன். ஆனா ஒண்ணு. வழியில உன் வாயால 'வண்டியைத் திருப்புங்க'ன்னு சொல்லிட்டா, அதுக்குப் பொறவு உன் தம்பி பேச்சை இந்த வீட்ல எடுக்கக்கூடாது."

கொஞ்சம் யோசித்தாள்.

"நான் சொல்லாம நீங்களாத் திருப்பினா?"

"திருப்பினா, நானே போயி உன் தம்பிகிட்ட முதல் வார்த்தை பேசுதேன்."

"ஆண்டாள் மேல சத்தியமா?"

"ஆண்டாள் மேலயும் சத்தியம், அவ கிளி மேலயும் சத்தியம்."

வண்டியை எங்கள் ஊர் மெக்கானிக் மொக்கைச்சாமியிடம் விட்டேன். கை சுத்தமான தொழில்காரன். ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரிடமோ ஒன்பது வருஷம் வேலை பழகி வந்தவன். யாரிடம் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"நாலையும் கழட்டு. மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவு. கறுப்புப் பெயிண்ட் அடி. அப்படியே திருப்பி மாட்டிரு."

"அண்ணாச்சி, உள்ள எண்ணெயே இல்ல. வெளிய பெயிண்ட் அடிச்சா உள்ள எண்ணெய் ஊறுமா?"

"ஊற வேண்டாம்லே. அதான் வேணும்."

"வண்டி தூக்கித் தூக்கிப் போடுமே?"

"போடட்டும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ஸ்பானரை எடுத்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் புதிதாக எந்த இரும்புச் சாமான் வாங்கினாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் மாட்டுவது. வைக்காமல் மாட்டினால் ஜெயபாய்க்குச் சந்தேகம் வரும். அதனால் பெயிண்ட் அடித்த நாலையும் தாம்பாளத்தில் அடுக்கி, கல்யாணச் சீர் மாதிரி வீட்டுக்குக் கொண்டு போனேன். ஜெயபாய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துச் சந்தனம் வைத்தாள். பிறகு விரலை மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"என்னமோ வாசம் வருதே."

"கம்பெனி வாசம். புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்."

"நல்லாருக்கு" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நம்பிவிட்டாள் பாவம் என்று நினைத்தேன். தாம்பாளத்தை மொக்கைச்சாமியிடம் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, நான் டி.வி.எஸ். வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுக்குப் போனேன். போய்ப் பள்ளங்களை எண்ணினேன். மொத்தம் இருபத்தேழு. அதில் ஒன்பது, குளிக்கலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். நான் முன்னால். ஜெயபாய் பின்னால், மடியில் உதிரிப் பிச்சிப்பூவும் நாருமாக.

"போற வழியிலயே கட்டிருதேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முதல் பள்ளம் வந்தது. ஒதுங்கிப் போக இடம் இருந்தும் நேராக விட்டேன். என் தலை கூரையில் இடித்தது. கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தேன். ஜெயபாய் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ரோடு ரொம்ப மோசம் என்ன, ஜெயபாய்?"

"எங்க? தொட்டில்ல போட்டு ஆட்டுத மாதிரில்லா இருக்கு!"

இரண்டாவது பள்ளம். என் பல் செட் கழன்று ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. ஒரு கையால் எடுத்து மாட்டிக்கொண்டேன். பின்னால் முல்லைக்கொடி மாதிரி பூச்சரம் நீண்டுகொண்டே இருந்தது. ஒரு பூ பிசகவில்லை. ஒரே காருக்குள் இரண்டு ரோடு எப்படி இருக்க முடியும்? இவள் உடம்பு என்ன ரப்பரா?

எட்டாவது பள்ளத்தில் என் இடுப்பு ஏதோ சொன்னது. பதினாலாவதில் கத்தியது. இருபதாவதில் அதற்குப் பேச்சு மூச்சு இல்லை.

"என்னங்க முனங்குதிய? திருப்பணும்னு தோணுதா?"

"எனக்கா? சே! சும்மா பாட்டுப் பாடுதேன்."

"பாடுங்க, பாடுங்க. செத்த நேரத்துல ஊர் வந்துரும்."

திருப்பினால் அவனிடம் முதல் வார்த்தை பேச வேண்டும். திருப்பாவிட்டால் அவன் வாசலை மிதிக்க வேண்டும். எதைச் செய்தாலும் சபதத்தில் ஒரு கால் போய்விடும். இதை யோசித்து முடிப்பதற்குள் மிச்சம் ஏழு பள்ளமும் தீர்ந்துவிட்டது. ஆண்டாள் கோவில் கோபுரம் தெரிந்தது. எனக்கு இரண்டாகத் தெரிந்தது.

தவசிமுத்து வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஜெயபாய் கட்டின சரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி இறங்கினாள். நான் கதவைத் திறந்து, வளைந்தபடியே இறங்கி, வளைந்தபடியே நின்றேன்.

தவசிமுத்து வந்தான். இன்றைக்கு வெள்ளைச் சட்டை. குறித்துக்கொண்டேன். கையில் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம், நடுவில் புத்தம் புதிய ஷாக் அப்சர்பர் இரண்டு. சந்தனப் பொட்டோடு.

என்னைப் பார்க்காமல் அவன் அக்காவிடம் கேட்டான்.

"அக்கா, பின்னாடி ரெண்டும் எப்படி?"

"பஞ்சு மெத்தை தம்பி."

நான் ஜெயபாயைப் பார்த்தேன். அவள் ஆள்காட்டி விரலை நீட்டினாள். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது.

"சந்தனம் வச்ச விரல் மஞ்சளா இருக்கும். எனக்குக் கறுப்பா வந்துச்சு. நேரா மொக்கைச்சாமிகிட்டப் போனேன். அவன் தம்பிகிட்ட ஒன்பது வருஷம் வேலை படிச்சவன். வாத்தியாரோட அக்காகிட்டப் பொய் சொல்லுவானா?"

"அப்ப... பின்னாடி?"

"பின்னாடி ரெண்டும் தம்பி கொடுத்துவிட்டது. இந்த வருஷம் திரும்பிப் போன பொங்கப்படிக்குப் பதிலா. பன்னெண்டு வருஷமா பஸ்ஸுல திருப்பி ஏத்துனிய. இதை ஏத்துங்க, பாப்போம்."

"முன்னாடி?"

"முன்னாடி நீங்க சொன்ன அதே கறுப்புப் பெயிண்ட்தான். கட்டின புருஷன் சொல்லைத் தட்டுவேனா நான்?"

பல் செட்டைத் தவிர எதுவும் அசையவில்லை.

"தாம்பாளத்துல இருக்க ரெண்டையும் தம்பி மாட்டித் தருவான். ஆனா அவனாக் கை வைக்க மாட்டான். வண்டிக்கு உடையவுக வாயத் திறந்து கேக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜோடியாக நின்று பூ வைத்தோம். சாப்பிட்டோம். இலையில் பால்கோவா வைத்தார்கள். கசந்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். அப்போதும் கொஞ்சம் கசந்தது. மனசெல்லாம் வாசலில் இருந்தது. சபதத்துக்குப் பன்னிரண்டு வயசு. இடுப்புக்கு ஐம்பத்தெட்டு. மூத்ததுக்குத்தானே மரியாதை கொடுக்க வேண்டும்? அதோடு திரும்பிப் போகும்போதும் அதே இருபத்தேழு பள்ளம்தான்.

வாசலுக்கு வந்தேன். தவசிமுத்து தாம்பாளத்துக்குப் பக்கத்தில் நின்றான். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"மாட்டு."

"அத்தான் பேசிட்டாக! எல்லாரும் வாங்க, அத்தான் பேசிட்டாக!"

அரை மணி நேரத்தில் இரண்டையும் மாட்டிவிட்டான். போட்டோக்காரரைக் கூப்பிட்டான். மொத்தச் சொந்தமும் காரைச் சுற்றி நின்றது. "அத்தான் நடுவுல, அத்தான் நடுவுல" என்று அவனே என் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நேரம் ஒரு சந்தேகமும் வந்தது. இவன் மாட்டினது புதுசுதானா? இல்லை, என் பெயிண்டையே எனக்குத் திருப்பிவிட்டானா? சக்கரத்துக்கு மேலே ஒரே ஒரு தடவை குனிந்து பார்த்துவிடலாம் என்று குனிந்தேன். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

போட்டோ வந்தது. ஐம்பத்தொரு பேர். நான் நடுவில்தான் இருக்கிறேன். பெரிசாக, தெளிவாக, பின்பக்கமாக.

ஜெயபாய் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டிவைத்திருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும், "நடுவுல குனிஞ்சுகிட்டு நிக்கது ஆரு?" என்று கேட்கிறார்கள்.

"முழங்கையைப் பாத்தாத் தெரியலியா?" என்கிறாள். "எங்க வீட்டுக்காரவுகதான்."