கித்தாத் தோட்டத்து அரக்கன்

ஒரு புத்தகத்தைக் கிண்டல் செய்து இன்னொரு புத்தகம் எழுதுகிறவன், தன் கதையில் வரும் அரக்கன் எந்த வீட்டில் குடியிருக்கிறான் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபது வயதில் எனக்கு இது தெரியாது. (எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு என்பதே அப்போது எனக்குத் தெரியாது.)

புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பாவும் நானும் கித்தா மரம் (ரப்பர்தான்) சீவிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் பந்தலில் கதை வாசிப்பு நடக்கும். தாய்நாட்டிலிருந்து கப்பலில் வந்து, குருண் பட்டணத்தில் மளிகைக்கடை வைத்திருந்த காதர் பாய் மூலமாக எங்களை வந்து சேர்ந்த மாயாஜாலப் பெருங்கதை. ஐந்து பாகம். ஒவ்வொன்றும் தலையணைத் தடிமன். பறக்கும் குதிரை, பேசும் வாள், அமுதச் சுனையைக் காக்கும் அரக்கன் என்று தோட்டமே அதில் மயங்கிக் கிடந்தது. வாசிப்பவர் அஞ்சலை அக்கா. எங்களோடு மரம் சீவுகிறவர்தான். ஆனால் அரக்கன் குரலில் அவர் உறுமினால் கோயில் நாய் எழுந்து போய்விடும்.

ஐந்து பாகமும் முடிந்தது. ஆறாவது கிடையாது என்று காதர் பாய் கையை விரித்துவிட்டார். ஏங்கிப்போன நான், அதே கதையைக் கேலி நாவலாக எழுத உட்கார்ந்தேன். பறக்கும் குதிரை காற்றுப்போன சைக்கிள் ஆயிற்று. பேசும் வாள், சாணை கேட்டு முனகும், மரம் சீவுகிற பால்கத்தி. அமுதச் சுனை, கித்தாப் பால் நிறுக்கும் ஸ்டோர். அதைக் காக்கும் அரக்கன்? வேறு யார், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி எங்களை ஆட்டிவைக்கும் பெரிய கிராணிதான். அவருடைய முறுக்கு மீசை, தொந்தி, கக்கத்துக் குடை ஒன்றையும் விடவில்லை. அரக்கனின் உயிர் குடைக்குள் இருப்பதாக ஒரு அத்தியாயம் வேறு. (அதை எழுதிய அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.)

அஞ்சலை அக்கா வாசிக்க, பந்தல் சிரிப்பில் குலுங்கியது. திடீரென்று அத்தனை பேரும் வாயை மூடினார்கள். திரும்பிப் பார்த்தேன். பெரிய கிராணி, குடையோடு.

"என்னா சிரிப்பு? ஆபீஸ் வரைக்கும் கேக்குது!"

"கதைங்கய்யா," என்றார் அக்கா. "அரக்கன் கதை."

"படிலா. நானும் கேக்குறேன்." முன்வரிசையில் அமர்ந்துவிட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். வேலை போய், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய், மூட்டை முடிச்சோடு நாங்கள் ரோட்டில் நிற்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது.

அக்கா நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினார். "அப்பேர்ப்பட்ட அரக்கன் எப்படி இருந்தான்னா, கொக்குக் கழுத்து. மொறம் மாதிரி காது. மீசைக்குத் தவம் கெடந்தும் மொளைக்கல. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நின்னுக்கிட்டே தூங்குவான். அவன் உசுரு எங்க இருந்துச்சு? அவங்கம்மா ஒளிச்சு வெச்ச நெத்திலிக் கருவாட்டுல!"

இதில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. கண் காகிதத்தில் ஓட, வாய் என்னைப் பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. கிராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "டேய், இது நீதான்டா!" என்று கத்தினார்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் விளக்கடியில் நான் முக்கி முக்கி எழுதியதைவிட, அக்கா மூச்சு விடாமல் சொன்னது எவ்வளவோ உசத்தி. கடைசியில் அந்த அரக்கன் செத்தபோது நானே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும், "எப்படிக்கா முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எதுக்க ஒரு மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்துச்சு. அதப் பாத்துப் படிச்சேன்டா தம்பி."

மறுநாள் காலைப் பெரட்டில் கிராணி பேர் கூப்பிட்டார். என் முறை வந்தபோது, "அரக்கன் வந்தாச்சா?" என்றார். அதோடு என் சொந்தப் பேரைத் தோட்டமே மறந்துவிட்டது.

சில வருஷம் கழித்து, திகாம் பத்துவிலிருந்து எனக்குப் பார்த்த பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். என் பேரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருவர், "ஓ, நம்ம அரக்கனா? நல்ல பையன்தான், போங்க" என்று வழி காட்டியிருக்கிறார். மனிதர் வெலவெலத்துப்போய் வீடு திரும்பி மகளிடம் சொல்ல, அவள் அசரவில்லை. சரி என்றுவிட்டாள்.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் இதைச் சொல்லாமல் காப்பி கொடுப்பதில்லை. "அரக்கன்னு சொன்னாங்களேன்னு நம்பிக் கட்டிக்கிட்டேன். வந்து பாத்தா, கரப்பான் பூச்சிக்கு மேசைமேல ஏறுறாரு!"