ஒரே சொடுக்கில் பெயர் சூட்டுகிறவர்

உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டிலாவது இவர் இருப்பார். கணினியில் ஒரு கோப்பு தன்பாட்டுக்கு ஏதோ ஒரு பெயரோடு கிடந்தால் இவருக்குக் கை அரிக்கும். ஒன்றிரண்டுக்குப் பெயர் மாற்றுவதெல்லாம் சாதாரண மனிதர்கள் செய்கிற காரியம், அவர்களை விட்டுவிடுவோம். நான் சொல்வது, ஃபோல்டரைத் திறந்ததுமே உள்ளே இருப்பது அத்தனையையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து, ஒரே சொடுக்கில் எல்லாவற்றுக்கும் புதுப் பெயர் சூட்டி, குடும்பத்துக்கே பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நாற்காலியில் சாய்ந்துகொள்கிறாரே, அவரை.

சிட்லபாக்கம் கஸ்தூரிரங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே எண் இல்லாத போல்ட்டு வாசலைத் தாண்டாது. வீட்டிலோ, அவர் மனைவி மங்கை ஃபோனில் எடுத்ததையெல்லாம் கணினியில் ஏற்றி, 'மாடியில் முதல் வெண்டைக்காய்', 'பெரியம்மா சிரித்த ஒரே படம்', 'இதை எதுக்கு எடுத்தேன்?' என்று வாய்க்கு வந்த பெயரை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்படிப் பேர் வெச்சா நாளைக்கு எப்படித் தேடறது?"

"நீங்க எதுக்குத் தேடணும்? என்னைக் கேளுங்கோ, எடுத்துத் தரேன்."

எடுத்துத் தர ஆள் இருந்தவரைக்கும் அந்த ஃபோல்டர் தப்பித்தது. போன வருஷம் மங்கை போய்விட்டாள்.

இந்த இனத்தாரின் ஆசாரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? நகல் எடுத்து வைக்க மாட்டார்கள். அது பயந்தாங்கொள்ளிகளின் வேலை. நாலைந்து கோப்பில் முதலில் செய்து பார்க்க மாட்டார்கள். பெயர் மாற்றும் மென்பொருளில், மாற்றினால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகவே 'முன்னோட்டம்' என்றொரு பொத்தான் இருக்கும். அதன் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். எடுத்த நேரத்தையே பெயராகப் போடும்போது 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு உள்ளது' என்று கணினி முனகினால், "ஒரே நொடியில ரெண்டு படம் எடுத்தது யாரு, நானா?" என்று அதனிடமே சண்டைக்குப் போவார்கள்.

பக்கத்து வீட்டு சாலமன் விஷயம் தெருவுக்கே தெரியும். சர்ச் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் படங்களை வரிசைப்படுத்தித் தருகிறேன் என்று வலியப் போய் வாங்கிக்கொண்டார் நம்மவர். மறுநாள் சாலமன் லுங்கியோடு வாசலில் நின்றார்.

"இன்னா சார் இது? ஒரு படமும் தொறக்க மாட்டேங்குது. சர்ச் ஐயர் வேற கேட்டுகினே கீறார்."

"பேரைப் பாருங்க சாலமன். எவ்வளவு வரிசையா இருக்கு!"

"பேரு சூப்பரா கீது சார். மூஞ்சிதான் ஒண்ணையும் காணோம்."

ஒவ்வொரு பெயரின் வாலிலும் '.jpg' என்று ஒட்டிக்கொண்டிருந்ததைக் குப்பை என்று நினைத்துக் கூண்டோடு நறுக்கியிருந்தார். அந்த வாலைப் பார்த்துத்தான் அது படம் என்று கணினிக்கே தெரியும். சரி, வாலைத் திரும்ப மொத்தமாக ஒட்டினார், முகங்கள் வந்துவிட்டன. வந்ததுதான் கெடுதல். ஒரு தப்பு சரியாகிவிட்டால் இவர்களுக்குத் துணிச்சல் இரட்டிப்பாகிவிடும்.

மங்கையின் வருஷாப்திகம், முதல் வருஷத் திதி, நெருங்கியது. மகள் ஸஹானா ஃபோனில் சொன்னாள்: "அம்மாவோட ஃபோல்டரை வந்து அப்படியே எடுத்துக்கறேன்ப்பா. எதையும் தொட்டுடாதீங்கோ." இவ்வளவு தெளிவாகச் சொன்னால் இந்த இனத்தாரின் காதில் என்ன விழும்? 'அதற்குள் ஒழுங்காக்கி வையுங்கோ' என்றுதான் விழும். மங்கை போன மறுநாள் உறவுக்காரர்கள் தங்களிடம் இருந்த பழைய படங்களையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அவற்றையும் அந்த ஃபோல்டரிலேயே கொட்டி, தேதிவாரியாக எண் போட்டு, சொடுக்கினார். 'ஒரு கோப்பை மட்டும் மாற்ற முடியவில்லை. அது வேறொரு நிரலில் திறந்திருக்கிறது' என்றது கணினி. ஒன்றுதானே, போகட்டும் என்று கணினியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் ஸஹானா வந்து உட்கார்ந்தாள். ஃபோல்டரைத் திறந்தாள்.

"அப்பா, நான் எப்போப்பா பொறந்தேன்?"

"இது என்ன கேள்வி?"

"இதுல தேதியைப் பாத்தா, உங்க கல்யாணத்தன்னிக்கே நான் பொறந்து, அன்னிக்கே எனக்கும் கல்யாணம் ஆயிடுத்தே."

வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு வந்த நாள்தான் தேதி. நாற்பது வருஷக் குடித்தனமும் மங்கை போன மறுநாளே நடந்து முடிந்ததாக மென்பொருள் தீர்த்துவிட்டிருந்தது.

"தேதியைச் சரி பண்ணிடலாம்மா. ஒரே நிமிஷம்."

"தேதி கிடக்கட்டும். அம்மா வெச்ச பேரெல்லாம் எங்கே?"

செய்ததைத் திருப்பிப் போடும் விசைகளை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். முந்தின நாளே அணைத்துவிட்ட கணினிக்கு எதுவும் நினைவில்லை. வெண்டைக்காய் 'மங்கை_0112' ஆகியிருந்தது. பெரியம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அதிசயமாக அல்ல, வெறும் எண்ணாக. படங்கள் அத்தனையும் பத்திரம், ஒன்றுகூடத் தொலையவில்லை. மங்கைதான் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஸஹானா கடைசிவரை நகர்த்திக்கொண்டே போனாள். அடியில் ஒன்று தனியாக நின்றது: 'அப்பாகிட்ட காட்டாதே'.

பெயர் மாற மாட்டேன் என்ற அந்த ஒரு கோப்பு, மங்கை எடுத்த வீடியோ. என்னவோ காட்டக்கூடாததாமே என்று முந்தின நாள் அவரேதான் அதைத் திறந்திருந்தார். ஓடவிடுவதற்குள் சிலிண்டர்காரர் மணியடிக்க, ஓரமாகச் சுருக்கிவைத்துவிட்டு மறந்துபோனார். இப்போது ஸஹானா ஓடவிட்டாள்.

இதே அறை, இதே நாற்காலி. கஸ்தூரிரங்கன் மௌஸில் கை வைத்தபடி, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். பின்னாலிருந்து மங்கையின் குரல், ரகசியமாக: "பாருடி உங்கப்பாவை. எல்லாத்துக்கும் பேர் வெச்சு வெச்சுக் களைச்சுப் போயிட்டார். பாவம், தூங்கட்டும்." சிரிப்பை அடக்கப் பார்த்ததில் படமே ஆடியது.

"நான் குறட்டையெல்லாம் விடறதில்லை" என்றார். திரை அதை மறுத்துக்கொண்டிருந்தது. ஸஹானா சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி சிரித்தாள்.

"இன்னொரு தரம் போடேன்" என்றார்.

அவள் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகும் அவர் அந்த வீடியோவை மூடவில்லை. இன்றைக்கும் மூடவில்லை; கணினியையே அணைப்பதில்லை. திறந்திருக்கிறவரை அதன் பெயரை யாராலும் மாற்ற முடியாது. யாராலும் என்றால், முக்கியமாக அவரால்.

சிரித்தீர்களா? நல்லது. உங்கள் கணினியிலும் 'புது ஃபோல்டர்', 'புது ஃபோல்டர் (2)' என்று ஏதோ குவிந்திருக்குமே, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒழுங்குபண்ணிவிடலாம் என்று நீங்களும் பார்த்துவைத்திருப்பீர்களே. தாராளமாகச் செய்யுங்கள். அந்தப் பெயர்களை வைத்தது யார் என்று மட்டும் முன்னால் ஒரு தரம் பாருங்கள். முடிந்தால் அந்த முன்னோட்டப் பொத்தானையும் அழுத்துங்கள்.

அழுத்த மாட்டீர்கள். தெரியும்.