பச்சைப் பெட்டியில் ஒரு பெயர்

பச்சைப் பெட்டி வரவில்லை.

தினமும் காலை ஆறரைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டால் திரையின் வலது மூலையில் அது எழும்பும். 'குட் மார்னிங், ஆல்வின். உங்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஐந்தே விநாடியில் மறைந்துவிடும். அந்த ஐந்து விநாடிக்காக அந்தோணிசாமி குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்.

ஆல்வின் அவருடைய ஒரே மகன். ஜிஎஸ்டி ரோட்டில் பைக் விபத்தில் போய் இரண்டு வருஷமாகிறது. அவன் போட்டுவைத்த ஆன்டிவைரஸுக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை.

இன்றைக்கு நடுத்திரையில் இரண்டு சிவப்புப் பெட்டிகள். ஆன்டிவைரஸ் பக்கத்திலிருந்த ஆன்டி-ஸ்பைவேரைக் காட்டி 'இது வைரஸ்' என்றது. ஆன்டி-ஸ்பைவேரோ 'இதுதான் உளவாளி' என்று ஆன்டிவைரஸைக் காட்டிக்கொடுத்தது. இந்த இரண்டாவது ஆசாமி எப்போது வீட்டுக்குள் நுழைந்தான் என்றே அந்தோணிசாமிக்குத் தெரியாது.

அஸ்தினாபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நிஷாவுக்கு ஃபோன் பறந்தது. அவள் வந்து பார்த்தாள்.

"ரெண்டு வாட்ச்மேன் சார். ஒருத்தனை ஒருத்தன் திருடன்னு புடிச்சு வச்சிருக்கான். ஒரே உறையில ரெண்டு கத்தி இருக்காது. எதை எடுக்கட்டும்?"

"பழசு மேல கை வைக்காதம்மா. புதுசா வந்தவனைத் தூக்கு."

நிஷா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் தூக்கினாள். பச்சைப் பெட்டி வந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி சிவப்பு. வெளியே போனவன் திரும்பி வந்து சட்டமாக உட்கார்ந்திருந்தான். நிஷா வந்து மறுபடி தூக்கினாள். மறுநாளே மறுபடி வந்துவிட்டான்.

மாடியில் குடியிருக்கும் கோபு எட்டிப் பார்த்தார். "இன்னா சார், ரெண்டும் மல்லு கட்டிகினு கீது? நம்மகிட்ட ஒரு புரோகிராம் கீது. ரெண்டையும் ஒரு தட்டு தட்டி வைக்கும்."

தட்டத்தான் செய்தது. மூன்றாவது புரோகிராம் முதல் இரண்டையும் மடக்கிப் போட்டுவிட்டு, அந்தக் களைப்பில் தானும் படுத்துவிட்டது. அந்தோணிசாமி இட்லி சாப்பிட்டு, பேப்பரில் வரி விளம்பரம்வரை படித்துவிட்டு வந்தார். திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"என் புரோகிராம் மேல தப்பில்ல சார், மிஷின்தான் பேஜாரு" என்று கோபு மாடியேறிவிட்டார்.

நிஷா ஃபோனில் சொன்னாள்: "எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் புதுசா போட்டா சரியாயிடும் சார். புது ஆன்டிவைரஸ்ல அதே பேரை நானே டைப் பண்ணித் தரேன்."

"வேணாம்மா" என்றார் அந்தோணிசாமி. "அது அவன் கையால அடிச்ச பேரு. அது போச்சுன்னா இந்த வீட்ல அவன் பேரைச் சொல்ல ஒரு நாதியில்ல."

அதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னார். சமையலறையில் அவர் மனைவி ஸ்டெல்லா தேங்காய் துருவுவது கொஞ்சம் நின்று மறுபடி தொடர்ந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆல்வின், ஆல்வின் என்று அழுதபோது, "இனிமே இந்த வீட்ல யாரும் அவன் பேரை எடுக்கக் கூடாது" என்று கத்தியவர் இதே அந்தோணிசாமிதான். ஸ்டெல்லா அன்றிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எடுக்கவில்லையே, பெற்றவளுக்கு மனசு இப்படியா கல்லாகும் என்று இப்போது அவருக்குக் கோபம். மனுஷனுக்கு எதைச் செய்தாலும் குற்றம்.

மத்தியானம் நிஷா நேரில் வந்தாள். இரண்டு மணி நேரம் போராடி, கோபுவின் புரோகிராமை வழியனுப்பி, இரண்டாவதையும் பிடுங்கி, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். அந்தோணிசாமி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலது மூலையில் பச்சைப் பெட்டி எழும்பியது. மத்தியானமென்றாலும் அது 'குட் மார்னிங், ஆல்வின்' என்றே சொன்னது. அந்தோணிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாயிருப்ப தாயி. அப்படியே அந்த இன்னொரு சனியன் ஜென்மத்துக்கும் உள்ள வராத மாதிரி ஒரு பூட்டுப் போட்டுடு."

நிஷா பையை மூடினாள். "அது என்னால முடியாது சார்."

"ஏன்? உன்னாலயே முடியாத அளவுக்கு அது என்ன அவ்ளோ பெரிய வைரஸா?"

நிஷா சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வைரஸ் இல்ல சார், நான்தான் திரும்பத் திரும்பப் போடறேன், நீங்க வாக்கிங் போனதும் ஆன்ட்டி ஃபோன் பண்ணி, 'அவருக்குக் காலையில புள்ள பேரைச் சொல்லுது, எனக்கும் சாயங்காலத்துல சொல்ற மாதிரி ஒண்ணு போட்டுக் குடும்மா'ன்னு அழறாங்க."