மணிக்குப் பின்னால் நடந்த விருந்து

நடந்துகொண்டே கனவு காண்பது என் பிறவிக் குணம். வயதாகிவிட்டதால் இப்போது, ‘ஏதோ யோசிக்கிறார்’ என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். இளவயதில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள் (எழுதக்கூடியது அல்ல).

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. உப்பும் துணியும் மேலே போவதும் மிளகு கீழே வருவதும் எங்கள் பொதிமாடுகளின் முதுகில்தான். மாட்டுக்காரர்களுக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. அதில் சேர்ந்தவன்தான் சிவப்புத் தலைப்பாகை கட்டலாம். தை மாதம் மலைமேல், தேவனூர் நாடு என்ற பகுதியில், ஒரு கோயிலடியில் எல்லோரும் குடும்பத்தோடு கூடி விருந்து சாப்பிடுவார்கள். புதியவனுக்குத் தலைப்பாகை கட்டுவதும் அன்றுதான்.

அந்த வருடம் புதியவன் நான். கூட்டத்தின் தலைவர் என் தாய்மாமன். “தலைப்பாக கட்டாதவனுக்கு எம்பொண்ணு கெடையாது” என்று முன்பே சொல்லிவிட்டார். பெண்ணின் பெயர் பொன்னி. ஆகவே, அன்று எனக்குக் கிடைக்கவேண்டியது வெறும் துணி மட்டும் அல்ல.

சடங்கு சுலபம். முன்னால் போகும் மாட்டின் கழுத்து மணியைப் புதியவன் கழற்றி, ஓடையில் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்து, சாமி முன்னால் அடிக்க வேண்டும். அதுவரை பொதியை யாரும் அவிழ்க்கக் கூடாது. அரிசி, வெல்லம், அண்டா எல்லாம் மாட்டு முதுகிலேயே காத்திருக்கும்.

மாமா மணியின் நாக்கைத் துணியால் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

“வெளக்குன கையோட துணிய மறுபடி கட்டீரு மாப்ளை. மணி கேட்டா மாடு நடக்கும், தெரியுமில்ல?”

“தெரியுமுங்க மாமா.”

தெரியும்தான். ஆனால் மணியை விளக்கி முடித்தபோது, ஈரத்துணி கையில் இருந்தது. தலைப்பாகை எனக்கு எடுப்பாக இருக்குமா என்று ஒரு சந்தேகம். தலையில் சுற்றிக்கொண்டு ஓடைத் தண்ணீரில் பார்த்தேன். அடடா, மாப்பிள்ளைக் களை.

அப்படியே எழுந்து நடந்தேன். எங்கும் பால்போல் பனி. எதிரே மரம் தெரியவில்லை, பாதை தெரியவில்லை, பொன்னி மட்டும் தெரிந்தாள். மணமேடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்திலேயே இதமாக ஒரு மேளச் சத்தம், என் நடைக்கு ஏற்றபடி (என் கையில் ஆடிய மணிதான் அது). கால்கள் பழகிய இறக்கத்தில் தானாகப் போயின. எவ்வளவு நேரமோ, மனசு அவ்வளவு நிறைவாக இருந்தது.

பிடரியில் சூடாக ஒரு மூச்சு பட்டது. திரும்பினேன். பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக மாடுகள் வந்துகொண்டிருந்தன, இருபதும், பொதியோடு. பாதி மலை இறங்கியிருந்தோம். கடைசி மாட்டுக்குப் பின்னால், கையில் அகப்பையோடு பொன்னி.

“ஏனுங்க மாமா, விருந்து கீழயா?” என்று கேட்டாள். அப்பாவியாகத்தான் கேட்டாள்.

“நீ எதுக்கு வந்தே?”

“எல்லாரும் கோயிலுக்குள்ள சாமி கும்பிட்டுட்டு இருந்தாங்க. மாடெல்லாம் கெளம்புச்சு. புது வழக்கமாட்டம் இருக்குதுன்னு நானும் வந்தேனுங்க.”

செத்துவிடலாம்போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்புத் தலைப்பாகைகள், பசியோடு, மூச்சிரைக்க வந்து சேர்ந்தன. மாமா நேராக என்னிடம் வந்தார். என் தலையிலிருந்த ஈரத்துணியை உருவி மணியின் நாக்கைக் கட்டினார்.

“இவனை அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க” என்றார் ஒருவர்.

 மாமா என்னையும் மணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வேண்டாமுங்க. இப்பவே கட்டிவுட்ரலாம். இல்லீனா அடுத்த வருசமும் இவன்தான் புதுசு. மணிய மறுபடி இவங்கையிலதான் குடுக்கோணும்.”

எல்லோரும் அவசரமாகச் சம்மதித்தார்கள். பாதி மலையிலேயே தலைப்பாகை கட்டி, அங்கேயே அடுப்பு மூட்டி, விருந்தையும் முடித்தோம்.

பேரப்பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், அன்று இருபது மாடுகள் என் பின்னால் வந்த கதையைச் சொல்வேன். சமையலறையிலிருந்து பொன்னி அகப்பையோடு எட்டிப்பார்த்து, தவறாமல் திருத்துவாள்.

“இருபத்தொண்ணுங்க.”