மெயின் ஸ்விட்ச் சாரும் மறதிக்கார ரவுட்டரும்

கரண்டை இவ்வளவு அவநம்பிக்கையோடு பார்த்த மனுஷர் உலகத்திலேயே வேறு யாரும் இருக்க முடியாது. முடிச்சூரில் எங்கள் அப்பார்ட்மென்ட்டின் முதல் மாடியில் இருக்கும் ரிட்டயர்டு கணக்கு வாத்தியாரைத்தான் சொல்கிறேன். மெயின் ஸ்விட்ச் சார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

பெருவெள்ளம் வந்த வருஷம், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய் மெயினை ஆஃப் பண்ணியவர் அவர். அன்று கும்பிட்டோம். அதற்கப்புறம் வானம் லேசாகக் கறுத்தாலே கீழே போய் மொத்த பிளாக்குக்கும் ஆஃப் பண்ண ஆரம்பித்தார். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட மேல்மாடி அக்கா உள்ளிருந்தே சொல்வார், "சார், இன்னும் தூறலே போடல சார்."

போன மாதம் அவருக்கு முட்டி ஆபரேஷன். வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் பேரனுக்கு ஞானஸ்நானம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் டிவியில் லைவாகப் பார்க்க ஏற்பாடு. போனில் பார்க்கலாமென்றால் எங்கள் ஏரியா சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கும். மகள் வாங்கி அனுப்பிய புது ரவுட்டரில் கனெக்‌ஷனுக்கான யூசர் நேம், பாஸ்வேர்டைப் போட்டு சேவ் பண்ண என்னைக் கூப்பிட்டார்.

போட்டேன். சேவ் கொடுத்தேன். நெட் வரவில்லை. திறந்து பார்த்தால் நான் போட்டது எதுவுமே இல்லை. லேப்டாப்பில் போட்டேன், போனில் போட்டேன், ஊக்கு வைத்துக் குத்தி ரீசெட் பண்ணினேன். ரவுட்டர் என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சாரின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பரவால்ல தம்பி. போட்டோ அனுப்புவாங்க," என்றார்.

கடைசியாக ஒரு தடவை சேவ் கொடுத்து, வழக்கம்போல "முடிஞ்சுது சார்" என்றேன். முதுகுக்குப் பின்னால் டக் என்று ஒரு சத்தம். திரும்பினால் சார் ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் நிற்கிறார்.

"சார், இன்னா பண்ணீங்க?"

"ஆஃப் பண்ணேன். நீதான் முடிஞ்சுதுன்னியே."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா. அப்புறம் போட்டேன்ல. சட்னி அரைச்சதும் மிக்ஸியை ஆஃப் பண்ண மாட்டியா?"

எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனாவைப் பிடுங்கினால் ரவுட்டர் எதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும்? மறுபடி எல்லாம் போட்டு சேவ் கொடுத்து, ரவுட்டர் விளக்கு சிமிட்டி அடங்கும்வரை அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நெட் வந்தது.

ஞாயிறு காலை டிவியில் பாதிரியார் குழந்தையைக் கையில் வாங்கினார். வெளியே மழை பிடித்தது. சார் ஜன்னலைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், வாக்கரை இழுத்தார்.

"நீங்க உக்காருங்க சார். நான் கீழ போறேன்."

"தண்ணி முதல் படியைத் தொட்டா ஆஃப் பண்ணிடு. எனக்காகப் பாக்காத."

குடையோடு மீட்டர் பாக்ஸ் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் முதல் படிக்குக் கிட்டக்கூட வரவில்லை. வராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மாடியிலிருந்து அவர் ஆமென் சொல்லும் சத்தம் கேட்கிறவரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.